வேறுபடுத்திக் கற்பித்தல்: பயிற்சி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கற்பித்தல் பயிற்சிக்கு என் வகுப்புக்கு வருபவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்விகள் இவை. கல்லூரியில் இந்தத் தலைப்பைப் படித்திருப்பார்கள், தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியும் இருப்பார்கள். வகுப்பில் நுழைந்து அத்தனை முகங்களையும் ஒன்றாகப் பார்த்ததும் எழுதியது எதுவும் நினைவுக்கு வராது. எனக்கும் வரவில்லை. அந்த நாளை மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

வேறுபடுத்திக் கற்பித்தல் என்றால் என்ன? பாடப்புத்தக வரையறை வேண்டாம்.

ஒரே வகுப்பில் சிலருக்கு இன்றைய பாடம் ஏற்கெனவே தெரியும். சிலருக்கு இப்போதுதான் பிடிபடத் தொடங்குகிறது. சிலருக்குப் போன வருடத்துப் பாடமே மனதில் நிற்கவில்லை. எல்லாரும் போய்ச்சேர வேண்டிய இடத்தை ஒன்றாக வைத்துக்கொண்டு, போகும் வழியையும் கிடைக்கும் உதவியையும் மாற்றிக் கொடுப்பதுதான் விஷயம்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கரோல் ஆன் டாம்லின்சன் எழுதியவற்றிலிருந்துதான் கல்லூரிப் பாடங்களில் பெரும்பாலும் எடுத்துச் சொல்கிறார்கள். கற்கும் பொருள், கற்கும் முறை, கற்றதைக் காட்டும் விதம், கற்றல் சூழல் என்று நான்கு இடங்களில் மாற்றம் செய்யலாம் என்பார் அவர். மாணவரின் ஆயத்தநிலை, ஆர்வம், கற்றல் இயல்பு ஆகிய மூன்றையும் பார்த்து மாற்ற வேண்டும் என்பார். நான்கையும் மூன்றையும் பெருக்கிப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பயிற்சிக் காலத்துக்கு ஆயத்தநிலை ஒன்றே போதும். அதுவும் ஒரு பிள்ளை எவ்வளவு புத்திசாலி என்ற கணக்கு கிடையாது. இந்தப் பாடத்தில், இந்த வாரம், அவர் எங்கே நிற்கிறார் என்பது மட்டும்தான். பின்னத்தில் திணறும் பிள்ளை வடிவியலில் எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் முப்பது பேருக்கு முப்பது பாடக்குறிப்பு எழுத வேண்டுமா?

வேண்டாம். எழுதவும் முடியாது. பாடக்குறிப்பு ஒன்றுதான், அதில் ஓரிடத்தில் மட்டும் வழி பிரியும். நாற்பது நிமிட வகுப்பு என்றால் முதல் பன்னிரண்டு நிமிடம் எல்லாருக்கும் பொதுவான விளக்கம், நடுவில் பதினெட்டு நிமிடம் பிரிந்து வேலை, கடைசிப் பத்து நிமிடம் மறுபடி ஒன்றாக வருவது. கடைசிப் பத்து நிமிடத்தை நேரம் போதவில்லை என்று பலர் வெட்டிவிடுகிறார்கள். வெட்டுவதானால் முதலில் உள்ளதை வெட்டுங்கள். பிரிந்து போனவர்கள் திரும்பி வரவில்லையென்றால் ஒரே அறையில் மூன்று வகுப்பு நடந்தது என்றுதான் அர்த்தம்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு துண்டுக் காகிதத்திலிருந்து. வகுப்பு முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி கொடுங்கள். பதில் எழுதி வெளியே போகும்போது கையில் தந்துவிட்டுப் போகட்டும். மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். ஆசிரியர்கள் இதை 'வெளியேறும் சீட்டு' என்பார்கள். பாடம் நடக்கும்போதே யாருக்கு எது புரிந்தது என்று அறியும் வளரறி மதிப்பீட்டில் இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியாது.

நான் ஒருமுறை வாங்கிய சீட்டுகளையே சொல்கிறேன். கேள்வி: 1/2 + 1/3 எவ்வளவு? எப்படிக் கண்டுபிடித்தாய்? மொத்தம் 34 சீட்டுகள். மேசையில் பரப்பி, பெயரைப் பார்க்காமல் விடையை மட்டும் பார்த்துப் பிரித்தேன். 14 பேர் 5/6 என்று சரியாக எழுதியிருந்தார்கள். 11 பேர் 2/5. 6 பேர் 2/6. மூன்று சீட்டு வெற்று.

சரி, தவறு என்று மட்டும் பிரித்திருந்தால் 2/5, 2/6 இரண்டும் ஒரே குவியலில் விழுந்திருக்கும். ஆனால் இரண்டும் ஒரே தவறு இல்லை. 2/5 எழுதியவர்கள் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னம் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிய இரண்டு தனி எண்கள். 2/6 எழுதியவர்களுக்கு விஷயம் பாதி தெரியும். பொதுப் பகுதி வேண்டும் என்று தெரிந்து 6 வரை வந்துவிட்டார்கள், தொகுதியை மாற்ற மறந்துவிட்டார்கள்.

மறுநாள் பதினெட்டு நிமிடத்தில் நடந்தது இது. 2/5 குவியலிடம் ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகளைக் கொடுத்து, ஒன்றைப் பாதியாகவும் ஒன்றை ஐந்தாகவும் மடிக்கச் சொன்னேன். ஐந்தாக மடிப்பது லேசில் வராது, கொஞ்சம் சத்தம் வரும், பரவாயில்லை. மடித்ததும் 2/5 நீளத்தை 1/2 நீளத்தின் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். 2/5 சிறியது. "பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், பாதியைவிடக் குறைஞ்சு போச்சே?" என்று ஒரு பிள்ளை தானாகவே கேட்டது. அதற்கப்புறம் நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

2/6 குவியலுக்கு ஒரே ஒரு கேள்வி: 2/6-ஐச் சுருக்கினால் என்ன வரும்? 1/3 வரும். அப்படியென்றால் நாம் கூட்டிய அந்த 1/2 எங்கே போனது? ஆறில் நான்கு பேர் இதைக் கேட்டவுடனே தலையில் கை வைத்துக்கொண்டார்கள். வெற்றுச் சீட்டு தந்த மூவரோடு நான் உட்கார்ந்தேன். அதில் ஒருவருக்குப் பின்னம் நன்றாகவே தெரியும், அன்று எழுத மனமில்லை, அவ்வளவுதான். சீட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

சரியாக எழுதிய அந்த 14 பேர் என்ன செய்தார்கள்? சீக்கிரம் முடிப்பவர்களுக்கு என்ன கொடுப்பது?

பலரும் செய்வது, இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது. சீக்கிரம் முடித்தால் கூடுதல் வேலை கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகள் மெதுவாகப் போடப் பழகிக்கொள்வார்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். இன்னொரு வழக்கம், முடித்தவர்களைத் திணறுபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்புவது. எப்போதாவது சரி. தினமும் என்றால் அந்தப் பிள்ளை தன் பங்குக்குப் புதிதாக எதுவும் கற்பதில்லை.

நான் அவர்களுக்குக் கொடுத்தது: 2/5-ஐத் தொகுதி 1 உள்ள இரண்டு வெவ்வேறு பின்னங்களின் கூட்டலாக எழுதுங்கள். விடை 1/3 + 1/15. பண்டைய எகிப்தியர்கள் பின்னங்களை இப்படித்தான் எழுதினார்கள். சுமார் 3500 ஆண்டுகளுக்கு முந்தைய ரைண்ட் பாப்பிரஸ் என்ற எகிப்தியக் கணிதச் சுவடியில் இதே விடை இருக்கிறது. பக்கத்துக் குழுவில் தவறான விடையாக இருந்த 2/5 இங்கே புதிராக மாறியதில் எனக்குக் கொஞ்சம் குறும்பான சந்தோஷம். அதே பொதுப் பகுதி, அதே திறன்தான், ஆனால் யோசிக்க வேண்டிய ஆழம் வேறு. கொடுப்பது அளவில் கூடுதலாக இருக்க வேண்டியதில்லை, ஆழத்தில் கூடுதலாக இருந்தால் போதும்.

குழு பிரித்தால் 'இது மக்குக் குழு' என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட மாட்டார்களா?

கண்டுபிடித்துவிடுவார்கள். பயிற்சிக் காலத்தில் நான் மூன்று குழுக்களுக்குப் பறவைப் பெயர் வைத்தேன். மயில், கிளி, குருவி. ராத்திரி உட்கார்ந்து அட்டையில் படம் வேறு வரைந்தேன். இரண்டாம் நாள் வகுப்புக்குப் புதிதாக வந்த ஒரு பையன் எங்கே உட்காருவது என்று கேட்டான். முன்வரிசைச் சிறுமி திரும்பிப் பார்த்து, ரொம்ப சாதாரணமாக, "உனக்குக் கணக்கு வருமா? வராதுன்னா குருவி" என்றாள். அவளும் குருவிதான். அன்று மாலை அட்டைகளைக் கிழித்துப் போட்டேன்.

பெயர் வைத்தது பிழை இல்லை, நிரந்தரமாக வைத்ததுதான் பிழை. பிள்ளைகளை உறுத்துவது மாறாத பிரிவு. அன்றைய சீட்டை வைத்து அன்றைக்கு மட்டும் பிரித்தால், திங்கள்கிழமை ஒன்றாக உட்கார்ந்தவர்கள் புதன்கிழமை வேறு வேறு இடத்தில் இருப்பார்கள். அப்புறம் யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

எல்லாக் குழுவும் நிலையைப் பார்த்துத்தான் அமைய வேண்டும் என்றும் இல்லை. ஆர்வத்தை வைத்துப் பிரிக்கலாம், சும்மா எண்ணிப் பிரிக்கலாம். உளவியலாளர் எலியட் அரோன்சன் 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய 'ஜிக்சா' முறையும் இருக்கிறது. இன வேறுபாட்டால் பிள்ளைகள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த வகுப்புகள் அவை. பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டார். ஒவ்வொருவரும் தன் துண்டைக் கற்றுவந்து குழுவுக்குச் சொன்னால்தான் பாடம் முழுதாகும். எல்லாரும் எல்லாருக்கும் தேவைப்படுவார்கள். வாரத்தில் ஒருநாள் இப்படிக் கலந்து உட்கார்ந்தால் மற்ற நாள் பிரிப்பதும் உறுத்தாது.

உதவி கொடுப்பதற்கும் பாடத்தை எளிதாக்கிவிடுவதற்கும் என்ன வித்தியாசம்?

இதுதான் அதிகம் குழம்பும் இடம். உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 'அண்மை வளர்ச்சி மண்டலம்' என்று சொன்னது, ஒரு பிள்ளை தனியாகச் செய்ய முடியாமல், உதவியோடு செய்யக்கூடிய எல்லையை. அந்த உதவிக்குச் 'சாரம்' என்ற பெயர் 1976-இல் வுட், புரூனர், ராஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. கட்டடத்துக்குக் கட்டும் சாரம்தான். சுவர் நின்றதும் அவிழ்த்துவிட வேண்டியது.

மொழிப் பாடத்தில் ஒரு பத்தியைப் படித்துக் கருத்து எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் ஒரே பத்தி, ஒரே கேள்வி. ஒரு செயல்தாளில் வாக்கியத்தின் தொடக்கங்கள் இருக்கும்: 'ஆசிரியர் சொல்வது...', 'எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால்...' இன்னொன்றில் தேவைப்படக்கூடிய சொற்கள் மட்டும். மூன்றாவது வெறும் கோடு போட்ட தாள். மூன்றையும் மேசையில் வைத்துவிடுங்கள், அவரவரே எடுத்துக்கொள்ளட்டும். தேவையில்லாதவர் சுலபமான தாளை எடுப்பதும் நடக்கும். அடுத்த முறை பக்கத்தில் போய் "இது இல்லாமல் முதல் வரியை எழுதிப் பார்க்கிறாயா?" என்றால் போதும்.

திணறுபவர்களுக்கு மட்டும் பத்தியைப் பாதியாக வெட்டி, கருத்துக்குப் பதிலாகக் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' கொடுத்தால், அது சாரம் இல்லை. கட்டடத்தையே குட்டையாக்கிவிட்டோம். அந்தப் பிள்ளை வருடம் முழுக்கக் கருத்து என்று ஒன்று எழுதவே போவதில்லை.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரிக்கலாமா?

வேண்டாம். 2008-இல் ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். பிள்ளையின் 'பாணி'க்குப் பொருத்திக் கற்பித்தால் நன்றாகக் கற்கிறார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். பிள்ளைகளுக்கு விருப்பம் இருக்கலாம், அது வேறு விஷயம். காகிதப் பட்டை மடிப்பது பின்னத்துக்குப் பொருந்துகிறது, அதனால் மடிக்கிறோம். உச்சரிப்பைக் கேட்டுத்தான் கற்க முடியும், அதனால் கேட்கிறோம். பாடத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே விஷயத்தை எல்லாருக்கும் இரண்டு மூன்று விதமாகக் காட்டுவதில் தவறே இல்லை. 'நீ கேட்டுக் கற்பவன்' என்று நெற்றியில் ஒட்டுவதுதான் தவறு.

அறுபது பேர் உள்ள வகுப்பில் நடக்குமா?

சுருக்கமாகத்தான் நடக்கும். அறுபது சீட்டையும் படிக்க வேண்டாம். கையைத் தூக்கி விரல் காட்டச் சொல்லலாம்: விடை அ என்றால் ஒரு விரல், ஆ என்றால் இரண்டு. தவறான விடைகளை முன்பே யோசித்து வைத்திருந்தால் எந்தத் தவறு எத்தனை பேருக்கு என்று பத்து நொடியில் தெரியும். இரண்டு வழியாகப் பிரித்தால் போதும், மூன்று வேண்டாம். நாற்காலிகளை நகர்த்தவும் வேண்டாம், இருந்த இடத்திலேயே பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து வேலை செய்யட்டும்.

ஒரு குழுவோடு நான் உட்கார்ந்தால் மற்றவர்கள் கத்துகிறார்களே?

கத்துவதற்குப் பெரும்பாலும் காரணம், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் உங்களிடம் கேட்கக் காத்திருப்பது. என்ன செய்ய வேண்டும், சிக்கிக்கொண்டால் யாரைக் கேட்பது, முடித்தால் என்ன என்று மூன்று வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு உட்காருங்கள். சுவரைப் பார்த்து உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன், முதுகுக்குப் பின்னால் ஒரு காகித அம்பு பறந்தது. குழுவோடு பேசினாலும் வகுப்பு கண்ணில் படும்படி உட்கார வேண்டும்.

முதல் வாரத்தில் பாடமே இல்லாமல் இடம் மாறுவதை மட்டும் பழக்குங்கள். ஒன்றரை நிமிடத்தில் மாறி உட்காரத் தெரிந்த வகுப்பில் மற்றதெல்லாம் செய்யலாம்.

வழிகாட்டி ஆசிரியருக்கு இதில் நம்பிக்கை இல்லை. என்ன செய்வது?

அது அவருடைய வகுப்பு. நீங்கள் சில வாரங்களில் போய்விடுவீர்கள், அவர்தான் அந்தப் பிள்ளைகளோடு இருக்கப்போகிறார். 'புதிய முறையைக் கொண்டுவருகிறேன்' என்று போனால் எந்த ஆசிரியருக்கும் கோபம் வரும். "சார், இன்னிக்குக் கடைசிப் பதினஞ்சு நிமிஷம் மட்டும் ரெண்டு குழுவா பிரிச்சுச் செஞ்சு பார்க்கட்டுமா? நீங்க ஒரு குழுவைப் பார்த்துக்கிட்டா எனக்கு ரொம்ப உதவியா இருக்கும்" என்று கேட்டுப் பாருங்கள். முன்கூட்டியே சீட்டுகளை அவரிடம் காட்டுங்கள். பெயரைச் சொன்னதும் "அவனுக்கா? அவன் போன வருஷமே இப்படித்தான்" என்று அவர் சொல்லத் தொடங்குவார். பெரும்பாலான அனுபவசாலிகள் இதைப் பெயர் வைக்காமலே செய்துகொண்டிருப்பவர்கள்தான். யாரிடம் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அதை ஒரு வகுப்பு முழுக்கப் பின்னால் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் மறுத்துவிட்டால் வாதாட வேண்டாம். நீங்கள் கேட்கும் கேள்விகளில் மட்டும் வேறுபடுத்துங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை.

தேர்வு எல்லாருக்கும் ஒன்றுதானே? அப்புறம் எதற்கு இதெல்லாம்?

அதனால்தான் போய்ச்சேரும் இடத்தை மாற்றக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மதிப்பெண் போடும்போது எல்லாருக்கும் ஒரே அளவுகோல். சாரம் வைத்துக்கொண்டு எழுதியதைப் பயிற்சியாகப் பாருங்கள், சாரம் இல்லாமல் எழுதியதற்கு மதிப்பெண் போடுங்கள். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரமோ பெரிய எழுத்தோ முறையாக ஒதுக்கப்பட்டிருந்தால் அது தேர்விலும் உண்டு. அதில் பயிற்சி ஆசிரியர் தானாக முடிவெடுக்க வேண்டாம், வகுப்பு ஆசிரியரையும் சிறப்பாசிரியரையும் கேளுங்கள்.

பாடக்குறிப்பில் இதை எப்படி எழுதுவது?

'மெல்லக் கற்போருக்கு: எளிய வினாக்கள். மீத்திறன் மாணவருக்கு: கடின வினாக்கள்.' நான் பார்க்கும் பாடக்குறிப்புகளில் பாதியில் இந்த இரண்டு வரி இருக்கும். எந்தப் பாடத்துக்கும் பொருந்தும், அதனால் எந்தப் பாடத்துக்கும் உதவாது. பிள்ளையின் வகையை எழுதாமல் தவறின் வகையை எழுதுங்கள்: '2/5 என்று எழுதியவர்கள்: பட்டை மடித்து 1/2 உடன் ஒப்பிடுவர்.' ஒரே வரிதான். படிப்பவருக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும், உங்களுக்கும் தெரியும்.

கல்லூரியிலிருந்து பார்வையிட வரும் நாளில் செய்து காட்டலாமா?

முதல்முறையாக அன்று செய்யாதீர்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை பிரிந்து உட்கார்ந்து பழகிய வகுப்பு என்றால் தாராளமாகச் செய்யலாம். முந்தைய நாள் சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் குவியல் குவியலாக மேசையில் வைத்திருங்கள். ஏன் இவர்களை இப்படிப் பிரித்தீர்கள் என்று வருபவர் கட்டாயம் கேட்பார். சீட்டுகளை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.